குகையில் அழுதவள்

குத்துக்கல்வலசையில் அண்ணனின் வீட்டைக் காலி செய்தபோது, அலமாரியிலிருந்து இருபது முகமுள்ள பகடை ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

சென்னையில் படித்த அண்ணன், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய ஒரு லீவில், கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டின் ஜெராக்ஸ் எடுத்த விதிப்புத்தகத்தோடு தென்காசிக்கு வந்தான். அவன் கதை சொல்லுவான். நானும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் கதையில் வீரர்களாகக் குகைக்குள் போவோம்; பிழைப்பதா சாவதா என்பதைப் பகடையில் விழும் எண் சொல்லும். ஜன்னல் வழியே சாரல் அடித்து, அவன் வரைந்த குகை வரைபடத்தின் மை கலங்கும். அவன் குகையில் எதையும் நம்ப முடியாது. பெட்டியைத் திறந்தால் பெட்டியே கடிக்கும்.

ஒருநாள், "குகைக்குள்ள ஒரு பொம்பளப் பிள்ள அழுதுட்டு இருக்கா. என்னட்டி செய்யுத?" என்றான்.

"கிட்டப் போயி கையப் பிடிக்கேன்."

"அவ பேயி. நீ செத்துட்ட."

"பகடையே உருட்டலியே அண்ணே!"

"கம்பால குத்திப் பாக்காம கிட்டப் போவியா?"

அதன்பின் குகையில் யார் அழுதாலும் எட்ட நின்று கம்பால் குத்தித்தான் பார்த்தேன். அண்ணன் மெச்சினான்.

போன மாதம் அவன் ஃபோனில் அழுதான். "ஏட்டி, ஒருக்கா வந்துட்டுப் போயேன்."

அவன் அழுது நான் கேட்டதே இல்லை. "நெசமாவா? என்ன விஷயம்னு மொதல்ல சொல்லு" என்றேன்.

அவன் வைத்துவிட்டான். மறுநாள் நான் வந்தபோது தெருவில் சங்குச் சத்தம் கேட்டது; வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

பகடை கட்டிலுக்கடியில் போய் நின்றிருந்தது. கையை நீட்டினாலே எட்டும். நான் துடைப்பத்தின் கம்பால் குத்தி வெளியே தள்ளினேன்.