மிச்சப் பக்கங்கள்

ஜப்பான்காரர்கள் மலாயாவை ஆண்ட மூன்றாவது வருடம். மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த ஒரு மளிகைக் கடையில் நான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது நேருக்கு நேர் பார்த்து ஏதாவது கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த வயதிலும் அது முழுதாக மாறவில்லை. அதனால்தான் இதை இதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை.

மளிகைக் கடை என்று பெயர்தான். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. மரவள்ளி மாவு, கருவாடு, உப்பு, கொஞ்சம் காய்ந்த மிளகாய், அவ்வளவுதான் சரக்கு. காகிதத்துக்கும் பஞ்சம். மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய புத்தகங்களை முதலாளி மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். அதைக் கிழித்துத்தான் மாவு கட்டுவோம்.

அந்த மூட்டையில் அட்டை போன தடிமனான புத்தகம் ஒன்று இருந்தது. பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. பறவை, எறும்பு, மரம், மேகம் என்று சுற்றிலும் இருப்பதைப் பிள்ளைகள் நின்று கவனிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம். கிழிப்பதற்கு முன் ஒரு பக்கம், இரண்டு பக்கம் நான் படிப்பேன். முதலாளி பார்த்துவிட்டால் போச்சு.

"டேய், மாவு கட்டச் சொன்னா பரீட்சைக்குப் படிக்கிறியா? படிச்சு முடிச்சு கவர்னராப் போவப் போறியோ?"

கடையில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கிழிப்பேன்.

கடைக்குப் பக்கத்தில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர்களின் வழி வந்தவர்கள். கும்பிடுவது நம் சாமி, செய்வது நம் சடங்கு. பேச்சு மட்டும் மலாய். அங்கே ஒரு வீட்டின் பின்னறையில், முப்பது வயது இருக்கும், ஓர் அக்கா தனியாகக் குடியிருந்தார். அவருடைய கணவரைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா விடியற்காலையில் கிளேபாங் கடற்கரைக்கு நடந்து போய், கடல் தண்ணீரைத் தகரத்தில் ஊற்றிக் காய்ச்சி உப்பெடுப்பார். பிற்பகலில் அந்த உப்பைக் கடையில் கொடுத்துவிட்டு மாவு வாங்கிப் போவார். தினமும் இதுதான்.

ஒரு நாள் உப்பை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நேத்து மாவு கட்டிக் குடுத்த காகிதத்துல தூக்கணாங்குருவி கூடு கட்டுது. பாதி கட்டினதும் பொட்டக் குருவி வந்து பாக்குதுன்னு போட்டிருக்கு. அதோட கிழிஞ்சு போச்சு. அதுக்குப் புடிச்சுச்சா இல்லையா? மிச்சம் இருக்கா?"

என்னிடம் அவ்வளவு நீளமாக யாரும் பேசியதில்லை. நான் அடுத்த பக்கத்தைத் தேடி எடுத்து அதிலேயே மாவைக் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். தினமும் ஒரு பக்கம், வரிசை தப்பாமல், அக்காவுக்கு மட்டும்.

அவர் அந்தப் பக்கங்களில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, ஊசி நூலால் தைத்து வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. படித்ததோடு நிறுத்தவில்லை. கிளேபாங்கில் உப்பு காயும் நேரத்தில் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினார். பார்த்ததை என்னிடம் வந்து சொல்வார். முதலாளி உள்ளே இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"தம்பி, பூவரசம்பூ காலையில மஞ்சளா இருக்கு. சாயங்காலம் செவந்து போவுது. எத்தனை வருசமா அந்த மரத்தைத் தாண்டிப் போறேன், நேத்துத்தான் பாத்தேன்."

"தண்ணி வத்துனதும் பொடி நண்டு வெளிய வருது தம்பி. மணலை வாயில போட்டு உருட்டி உருட்டி வெச்சிட்டுப் போவுது, நம்ம கொழுக்கட்டை மாதிரி. கரை பூரா கொழுக்கட்டை."

நான் சிரித்தேன். கடையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பட்டினியும் பயமுமாக இருந்த ஊரில், எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரும் என்றால் அதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு நாள் முழுதும் அந்தப் பிற்பகலுக்காகத்தான் போனது.

ஏன் இவ்வளவு பார்க்கிறார் என்பதையும் அவரே ஒரு நாள் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு வேலை விட்டு வந்ததும், 'இன்னைக்கு என்ன விசேசம்'னு கேப்பாரு. 'ஒண்ணுமில்ல, இங்க என்ன விசேசம்'பேன். கல்யாணமான நாள்லேர்ந்து அதேதான். பாவம், ஏதாச்சும் சொல்லுவேன்னுதான கேட்டிருக்காரு? இப்ப ஒரு நாளைக்கு ஒண்ணு சேத்து வெச்சிருக்கேன். வரட்டும். காது வலிக்கச் சொல்றேன்."

சில வாரம் கழித்து, ஒரு நண்பகலில், ஓர் ஆள் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார். இரண்டு காலிலும் புண். துணி சுற்றியிருந்தார். சயாமிலிருந்து திரும்பியவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. முதலாளி சரக்குப் பங்கீட்டுக்காக ஜப்பான்காரர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். அந்த ஆள் அக்காவின் கணவர் பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"வாந்திபேதி தம்பி. ரெண்டே நாள்தான். நாங்களே மூங்கிலை அடுக்கி எரிச்சோம்," என்றார். காலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினார். "அந்தப் பொம்பளை மூஞ்சியப் பாக்க எனக்கு இப்பத் தெம்பு இல்ல. புண்ணு ஆறட்டும், ஒரு நாள் வந்து பாக்குறேன். நீ சொல்லிடு."

சரி என்று தலையாட்டினேன். அவர் நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

அன்று பிற்பகல் அக்கா வந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் எங்கோ பறித்த ஒரு சின்னப் பூ. "கொக்கு ஒத்தைக் கால்ல நிக்குறப்ப இன்னொரு காலை எங்க வெச்சிக்குதுன்னு இன்னைக்குப் பாத்துட்டேன் தம்பி!" என்றார். நான் வாயைத் திறந்தேன். திரும்பிப் புத்தகத்தை எடுத்தேன். அடுத்த பக்கத்தில் மாவைக் கட்டிக் கொடுத்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். வெட்கப்படும் சுபாவம்தான் காரணம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதுமட்டும் இல்லை. சொல்லிவிட்டால் அவர் இனிமேல் வந்து எதையும் சொல்ல மாட்டார். அந்தப் பிற்பகல் எனக்கு இல்லாமல் போய்விடும். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. புத்தகம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டேன். வைத்துவிட்டு, பக்கங்களைப் பாதி பாதியாகக் கிழித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

"என்ன தம்பி, காகிதத்துக்கும் ரேசன் போட்டுட்டானா?" என்று அக்கா கேலி செய்தார்.

பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் அக்கா குடியிருந்த வீட்டில் கல்யாணம். வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு. அந்தக் காலத்துக் கல்யாணம்தான். மரவள்ளியில் செய்த பலகாரமும் கருப்புக் காப்பியும். முதலாளி கொடுத்தனுப்பிய மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பந்தலுக்குள் நுழைந்த நேரம், தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுமங்கலிகள் முதலில் தொட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அக்காவின் மேல் உயிர். கூட்டத்தில் பின்னால் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து, "லூ டூலு, லூ டூலு!" என்றார். நீதான் முதலில் என்று அர்த்தம். தெரிந்த கொஞ்சம் தமிழில், "தொடு. உன் ஆள் சீக்கிரம் வரும்," என்றும் சொன்னார்.

மூட்டையோடு நான் நாலு எட்டு தூரத்தில் நின்றேன். சத்தமாகக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் போய், "அக்கா, ஒரு நிமிசம்," என்றால் போதும். அக்கா நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். சிரித்தார். பிறகு இரண்டு கையாலும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மணப்பெண்ணை வாழ்த்தினார். நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில், புண் ஆறாத காலோடு, சயாமிலிருந்து வந்தவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆறுதல் சொல்ல. செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பித்தான் போயிருக்கிறார். பந்தல்கூடப் பிரிக்காத வாசலில், பொட்டும் பூவுமாக அக்கா கோலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். அவரைப் பார்த்ததும் அந்த ஆள் அப்படியே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

எனக்கு இதைச் சொன்னது வீட்டுக்கார அம்மா. கடைக்குள் வந்து என் முன்னால் நின்றார்.

"சுடா தாவ், அப்பா பாசால் டியாம்?"

தெரிந்திருந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். அவர் மலாயில் கொட்டித் தீர்த்ததில் ஒன்று மறக்கவில்லை. என் மகளை ஆண்டவன் பார்த்துக்கொள்வான், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே ஒருத்தி, நான் அந்தத் தாலியைத் தொட்டுவிட்டேனே, தொட்டுவிட்டேனே என்று சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாளே, அவளுக்கு நான் என்ன சொல்வது? இப்படிக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனார். முதலாளிகூட அன்று என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உடலைப் பார்க்காத சாவுக்கு, செய்தி கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு. அன்றே தலைமுழுக்கு, பதினாறாம் நாள் காரியம், எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகும் சில நாள் கழித்துத்தான் அக்கா உப்போடு வந்தார். வெள்ளைச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "அக்கா... நான்..." என்றேன்.

"சொல்லாத தம்பி. இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

உப்பை இறக்கி வைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பயந்துட்டே, அது தெரியுது. ஆனா அந்தப் பதினோரு நாளும், நான் அவருக்கு, அவருக்குன்னு ஒவ்வொண்ணாச் சேத்துக்கிட்டு வந்து சொன்னேன். நீ என் மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கிட்டு நின்னியே தம்பி. அதைத்தான் தாங்க முடியல."

பழக்கத்தில் என் கை புத்தகத்துக்குப் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டார்.

"காகிதம் வேணாம். இலையில கட்டிக் குடு."

வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது மாவு கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை அவரே கூட்டி எடுத்துக்கொண்டார்.

ஓய்வு நாளில் ஒரு தடவை, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று கிளேபாங்கிற்கு நடந்து போனேன். அவர் கரையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். வானம் நல்ல நீலமாக இருந்தது. கடல் நீர் வற்றி, ஈர மணல் பளபளத்தது. அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போன நேரத்திலிருந்து திரும்பும் வரை ஒரு தடவைகூட அவர் தலையை நிமிர்த்தவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, பேசாமலேயே வந்துவிட்டேன். அடுத்த மாதம், புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அவர் எனக்கு ஒரு பெரிய சொத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இன்று ஓர் எறும்பு வரிசையையோ மழைக்கு முன் கறுக்கும் வானத்தையோ என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது. அதை எனக்குப் பழக்கியவரிடமிருந்து அந்தச் சந்தோஷத்தையே நான் பறித்துவிட்டேன். நல்லதைக் காட்டிக் கெட்டதை மறைத்தால் நல்லதும் சேர்ந்து அழுகிப்போகும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

நான் அதற்குப் பிறகு மூன்று வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டு போயிருக்கிறேன். மூன்று தடவையும் நாக்கு குழறியது; ஆனாலும் வாசலில் நின்று சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன், அப்படிச் சொல்லிவிட்டு வந்த நாட்களில்தான் ஒரு மரத்தைக் கூசாமல் நிமிர்ந்து பார்க்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றியது.