ஞாயிறு காலை பத்தரை மணி

திருப்பதியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சித்தூரில் எங்கள் சபைப் போதகரிடம் அம்மா சொல்லிவிட்டாள். உண்மையில் நாங்கள் பார்க்கப் போனது ஒரு நடிகையை. அவர் இப்போது பெரிய ஜோசியர். தினமும் காலையில் டிவியில் வருவார். அம்மா குடும்ப ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். படங்களில் நாள் நட்சத்திரம் பார்க்காமல் காதலித்துக் கட்டிக்கொண்டு, இடைவேளைக்குள் விதவையாகிவிடுவார். அந்த அனுபவம் போதாதா என்பது அம்மாவின் கட்சி.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஏர்பேட்டில் வாத்தியாராக இருந்த, மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். நைனா ஒப்புக்கொண்டார். அம்மா மட்டும், "அந்தம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நின்றாள். என் கல்யாணம் ஒரு முன்னாள் கதாநாயகியின் வாய்ச்சொல்லுக்குக் காத்துக் கிடந்தது. எரிச்சல் தாங்கவில்லை.

ஓட்டல் அறையில் பட்டுப்புடவையும் முழு மேக்கப்புமாக, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார் நடிகை. "டேட் ஆஃப் பர்த், டைம் செப்பண்டி அம்மா" என்றார். அம்மா ஒரு சீட்டை எடுத்துத் தேதியைப் படித்தாள். "ஞாயித்துக்கெழம. காலைல பத்தரை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பிறந்தது ஒரு வியாழக்கிழமை விடியலில். எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதுவதில்லை. பைபிளின் முதல் வெற்றுப் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்த நாளையும் நேரத்தையும்தான் எழுதி வைப்பார்கள். அம்மா பார்த்து எழுதிக்கொண்டு வந்தது அதைத்தான். போதகர் என் தலையில் தண்ணீர் தெளித்த நேரத்துக்கு நடிகை கட்டம் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"தீர்க்க சுமங்கலி யோகம். சந்தேகமே லேது" என்றார். எனக்கு முன்கோபம் அதிகம் என்றும் சொன்னார். அதற்குக் கட்டம் எதற்கு, என் முகமே போதும்.

திரும்பும்போது பஸ்ஸில் மனசு உறுத்தியது. "அம்மா, அது ஞானஸ்நான நேரம்மா" என்றேன்.

"தெரியும்டி. பெத்தவளுக்கு வியாழக்கெழம மறந்துடுமா? போன மாசம் டிவிக்கு போன் போட்டு அந்த வியாழக்கெழம டைம்தான் சொன்னேன். வாணாம், தாலி நிக்காதுன்னுட்டாங்க அந்தம்மா. அன்னிலேர்ந்து தூக்கமில்லாம பொரண்டுக்கினே இருந்தேன். அதே வாயால நல்லதுன்னு ஒரு வார்த்த கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் பையிலிருந்து முறுக்கை எடுத்து, "துன்னு" என்று கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் என் கல்யாண அறிவிப்பை வாசித்தார். கூடவே அம்மாவின் கண்ணுக்காகவும் ஜெபித்தார். எல்லோரையும் விட உரக்க ஆமென் சொன்னவள் அம்மாதான்.