மேல் அறைக்கு வைத்த கையெழுத்து

ரொறன்ரோ நகர நடுவில் நிற்கிற கண்ணாடிக் கட்டிடங்களில் ஏழு கட்டிடங்களின் தரை ஒரு காலத்தில் என் பொறுப்பில் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாவது கிழமை என் கையில் ஒரு வாளியும் மொப்பும் தந்தார்கள். பதினோராவது வருடம் சொந்தமாகக் கொம்பனி பதிந்தேன். இருபத்திரண்டு பேர் என்னிடம் வேலை செய்தார்கள். அதில் இரண்டு பேர் ஊரில் பட்டம் எடுத்தவர்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதைச் சொல்லிப் பெருமைப்பட?

இன்னொரு பெருமையும் இருந்தது. மல்வேர்னில் நான் வாங்கிய வீட்டில், முப்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கூட்டத் தும்புத்தடியைத் தொட்டதில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பேன். "வெளியில ஊர் ஊத்தை முழுக்க அள்ளுறன். வீட்டில நான் ராசா, கண்டியளோ." மனைவியும் பக்கத்தில் நின்று சிரிப்பாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் செத்து ஒரு வருடத்தில் வீட்டில் திவசம் செய்தோம். சொந்தக்காரர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். எல்லோரும் போன பிறகு என் மகள், பிக்கரிங்கில் இருக்கிறவள், ஒரே பிள்ளை, குசினியில் அடுப்படியில் நின்று சொன்னாள்:

"அப்பா, கடைசியாப் போன அன்ரி கப்பைத் திரும்பக் கழுவிப்போட்டுத்தான் ரீ குடிச்சவ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அவ எந்த வீட்டில எண்டாலும் அப்பிடித்தான்."

"இல்லை. அம்மா இருக்கேக்க கழுவேல்லை."

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நானும் அன்றுதான் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருந்தது. படிக்கட்டின் ஓரங்களில் தூசி உருண்டு கிடந்தது. சாமித்தட்டில் விளக்கு கறுத்திருந்தது.

"வீட்டை விப்பம் அப்பா. எங்களோட வந்திருங்கோ. உங்களால ஏலாது."

"ஆரைப் பாத்து ஏலாது எண்டுறாய்? ஏழு பில்டிங் பிள்ளை. ஏழு!"

"இது பில்டிங் இல்லை அப்பா, வீடு."

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். சித்திரை வரைக்கும் தவணை. மாதத்தின் முதல் ஞாயிறு அவள் வருவாள். வீடு வீடாக இருந்தால் நான் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் வீட்டைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமையே தொடங்கினேன். கட்டிடம் செய்கிற மாதிரி, மேலிருந்து கீழ், ஒரே மூச்சு. வீட்டோடு ஒட்டிய கராச்சில் கிடந்த பெரிய பொலிஷ் மெஷினைக் குசினிக்குள் இழுத்து வந்து, கடைகள் நிறைந்த மோல் தரைக்கு ஊற்றுகிற மெழுகை மூன்று பூச்சுப் பூசினேன். முகம் தெரிந்தது தரையில். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு எழும்ப முழங்கால் விடவில்லை. திங்கட்கிழமை சோற்றுப் பானையோடு அந்தத் தரையிலேயே சறுக்கி விழுந்தேன். மெழுகுத் தரையில் சப்பாத்தில்லாமல் நடக்கக்கூடாது என்று இருபத்திரண்டு பேருக்குப் படிப்பித்தவன் நான். வெறுங்காலோடு சோற்றுக்குள் கிடந்தேன். மகளுக்குச் சொல்லவில்லை.

கிடந்த கிடையில்தான் யோசித்தேன், என் மனைவி இதையெல்லாம் எப்படிச் செய்தாள் என்று. இவளுக்கும் முழங்கால் வருத்தம். ஒரு நாளும் மூச்சு வாங்கி நான் பார்க்கவில்லை. எப்போது கூட்டினாள், எப்போது துடைத்தாள் என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் வேலையால் வரும்போது மூக்கில் பட்டதும் கண்ணில் பட்டதும்தான். செவ்வாய்க்கிழமை பாத்ரூமில் கறை வெளுக்கிற ஜாவெல் தண்ணி மணக்கும். வியாழன் பின்னேரம் பழைய பேப்பரில் விளக்கு கவிழ்ந்து காயும். திங்கள் அடுப்பு மேலே வெறுமையாக இருக்கும். வெள்ளி படி ஈரமாக இருக்கும், நான் சப்பாத்தோடு ஏறுவேன். அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி அவளுடைய கிழமை முழுவதையும் கட்டினேன். புதனுக்கு மட்டும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மிச்சம் இருந்தது மேல் அறை. புதனை அதற்குக் கொடுத்தேன்.

யாராவது கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு இடம். இருபது நிமிடத்துக்கு மணி வைப்பேன், அதற்கு மேல் இல்லை. மணி அடித்ததும் பாதியில் நின்றாலும் விட்டுவிட வேண்டும், மிச்சத்தை அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாளி, இரண்டு துணி. வீட்டுக்கு மெழுகு வேண்டாம்.

அவள் செத்த கையோடு கொம்பனியை விற்றிருந்தேன். அங்கே கழிவறைக் கதவுகளுக்குப் பின்னால் தொங்கவிட்ட தாள் என்னிடம் கட்டுக் கட்டாக மிஞ்சியிருந்தது. திகதி, நேரம், கையெழுத்து. ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று தொங்கவிட்டேன். முதல் ஞாயிறு வந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இதென்ன மோல் வாஷ்ரூமா? சுப்பர்வைசர் ஆர்?"

"நீதான்."

அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கையெழுத்து விஷயத்தில் என்னோடு யாரும் விளையாட முடியாது. ஒருமுறை, செய்யாத கழிவறைக்குக் கையெழுத்து வைத்த ஒருவனைப் பிடித்தேன். நல்ல வேலைக்காரன். "அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணை. கெதியாப் போகவேண்டிக் கிடந்தது. ஒரு நாள்தானே" என்று கும்பிட்டான். "செய்யேல்லை எண்டு எழுதியிருந்தால் நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன். பில்டிங் திறப்பை வைச்சிட்டுப் போ" என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அதையும் பிறகு பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் புதன்கிழமை வாளியோடு மேல் அறைக் கதவடியில் நின்றேன். பிடியில் கையை வைத்தேன். மணி இருபது நிமிடம் ஓடி அடித்தது. தாளில் திகதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அடுத்த புதனும் அப்படித்தான். அதற்குப் பிறகு வாளிகூடக் கொண்டு போகவில்லை. மகளும் வருகிற ஞாயிறுகளில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமல் திரும்பிவிடுவாள்.

அந்த அறையில்தான் அவள் கடைசி மூன்று மாதம் படுத்திருந்தாள். கட்டிலை ஒட்டி யன்னல். கோடை மழையும் தூசியும் சேர்ந்து கண்ணாடி மங்கிப்போயிருந்தது. ஒரு நாள் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போது சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, உந்த யன்னலை ஒருக்காத் துடைச்சு விடுங்கோவன். வெளியில ஒண்டும் தெரியுதில்லை."

"நாளைக்கு ஒரு பெடியனை அனுப்பிறன்" என்றேன்.

வெளியில் நின்ற என் வேலை வானுக்குள் யன்னல் துடைக்கிற எல்லாச் சாமானும் கிடந்தது. அனுப்பவில்லை, மறந்துபோனேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. என்னிடம் எதையும் இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சித்திரை மாத ஞாயிறு மகள் வந்தாள். குசினி பார்த்தாள், பாத்ரூம் பார்த்தாள், சாமித்தட்டைப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் வெண்டிட்டியள்" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ரீ போடத் தண்ணீர் வைத்தேன்.

"அம்மான்ர கம்பளிச் சால்வை ஒண்டு எனக்கு வேணும், எடுக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு மேலே போனாள்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒட்டிப்போன கதவு ஒன்றைத் தள்ளுகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் கொதித்தது. நான் அடுப்பை நிற்பாட்டவில்லை.

அவள் இறங்கி வந்தபோது கையில் சால்வை இல்லை, தாள் இருந்தது.

"இருபத்தொரு கையெழுத்து, அப்பா."

நான் அடுப்பை நிற்பாட்டினேன்.

"உள்ளுக்கே போகேல்லையா?"

"இல்லை."

"கட்டில் விரிப்பு அப்பிடியே கிடக்கு. மருந்து அப்பிடியே கிடக்கு. அம்மா குடிச்ச கிளாஸ்..." அவள் தாளை மேசையில் வைத்தாள். "அப்ப மற்றத் தாளெல்லாம்?" என்றாள்.

"அதெல்லாம் உண்மை பிள்ளை. இது ஒண்டுதான்."

சொல்லி முடிக்கும்போதே அந்த வேலைக்காரனின் குரல் எனக்குக் கேட்டது. ஒரு நாள்தானே, அண்ணை. அவனுக்காவது வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை இருந்தது.

"ஏன் அப்பா சொல்லேல்லை? செய்ய ஏலாது எண்டு சொல்லியிருந்தால் நான் வந்து செய்திருப்பனே. நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்."

நான் போய்ச் சுவரில் தொங்கிய வீட்டுத் திறப்பை எடுத்து மேசையில், அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"அதுக்கில்லையப்பா. நீங்கள் இருங்கோ. ரெண்டு பேருமாச் செய்வம்."

"இல்லை. நீ எடு."

அவள் அழுதாள். மூன்று தரம் அந்தத் திறப்பை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. அதுவும் பெருமைதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று நான் கொம்பனி நடத்தவில்லை.

இப்போது பிக்கரிங்கில் மகளின் வீட்டில் இருக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு பெண் வந்து என் அறையைத் துடைக்கிறாள். அவள் துடைக்கும்போது நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேன். மூலைகளை விட்டுவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

மல்வேர்ன் வீட்டை வாங்கப் பார்க்கிற ஆட்கள் வருவதற்கு முதல் நாள் காலை, மேல் அறைக்குத் தனியாகப் போனேன். மகள் ஏற்கெனவே விரிப்பையும் மருந்தையும் எடுத்திருந்தாள். யன்னலை மட்டும் எனக்கு விடச் சொல்லியிருந்தேன். அந்தக் கண்ணாடியை உள்ளே சாய்க்கலாம், ஏணிகூடத் தேவையில்லை. சோப்புத் தண்ணீர், ஒரு துணி, ரப்பர் வைத்த தடியால் மேலிருந்து கீழே மூன்று இழுப்பு. மணி பார்த்தேன், ஐந்து நிமிடம் ஆகவில்லை.

பிறகு அவள் படுத்த பக்கம் கட்டிலில் சாய்ந்து பார்த்தேன். எதிர்வீட்டுக் குப்பைப் பெட்டிகள் தெரிந்தன. ஒரு மேப்பிள் மரத்தின் பாதி. அதற்குக் கீழே, நான் பின்னேரங்களில் வேலையால் வந்து வானை நிறுத்துகிற இடம். வேறொன்றும் இல்லை.