ஆயிரத்து நானூற்று முப்பதாம் பக்கம்

மீன்பிடி ஊரான பேசாலையைச் சேர்ந்த பெற்றிசியாவுக்குப் பஞ்சாபி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இலக்கங்கள் மட்டும் தெரியும். டுபாயில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் வேலைக்கு நின்றபோது படித்தவை அவை.

அந்த வீட்டுக் கிழவியை எல்லாரும் மாதாஜி என்றார்கள். காலையில் அவரைக் குளிக்கவார்த்து, தானும் குளித்துத் தலையை மூடி, செப அறையில் கொண்டுபோய் இருத்துவது பெற்றிசியாவின் வேலை. மாதாஜி அவர்களுடைய வேதமான குரு கிரந்த சாகிப்பின் மேலிருந்த பட்டுத்துணியை விலக்கி ஐந்து பக்கம் வாசிப்பார். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல்லும் விடாமல். மொத்தம் ஆயிரத்து நானூற்று முப்பது பக்கம்.

ஊரில் மகள் ஜெசிக்காவுக்கு ஆவணி பதினைந்தில் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்று பங்குனியில் செய்தி வந்தது. பெற்றிசியா லீவு கேட்டாள். அவளுடைய பாஸ்போட் மாதாஜியின் மருமகளுடைய அலுமாரியில் இருந்தது.

"மாதாஜியின் வாசிப்பு முடியட்டும், பிறகு போ," என்றாள் மருமகள். "நடுவில் போனால் அவரை யார் பார்ப்பது?"

அன்று எழுநூற்று இருபதாம் பக்கம். பெற்றிசியா விரல்விட்டு எண்ணினாள். புதுநன்மைக்கு முன் இரண்டு கிழமை மிஞ்சும்.

ஞாயிறுகளில் போன் எடுத்தால் மகள் முதலில் கேட்பது அதைத்தான்.

"எத்தினையாம் பக்கம் அம்மா?"

"எண்ணூறு தாண்டீற்றுது பிள்ளை."

பின்னால் புருஷன் சிங்கராசாவின் குரல் கேட்கும். "கொம்மா தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தா நான் வள்ளத்தில ஏத்தமாட்டன்!"

"நீங்கள் சும்மா இருங்கோ," என்பாள் பெற்றிசியா.

வைகாசியில் மாதாஜிக்குக் கண் மங்கியது. ஐந்து பக்கம் மூன்றானது. பெற்றிசியா மிச்ச நாட்களைத் திரும்ப எண்ணினாள். விளக்கைக் கிட்ட இழுத்துவைத்தாள். கண்ணுக்கு மருந்து விட்டாள். மாதாஜி துணியை மூடப்போனால் கெஞ்சினாள்: "இன்னும் ஒரு பக்கம், மாதாஜி."

கிழவி பூரித்துப்போனார். "என் மருமகளுக்கு இல்லாத பக்தி இவளுக்கு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பெற்றிசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

புதுநன்மைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசிப் பக்கம் வந்தது. வீடு நிறைய ஆட்கள். நெய் வடியும் கோதுமைமா இனிப்பை ஒவ்வொருவர் கையிலும் வைத்தார்கள். பெற்றிசியாவின் பெட்டி கட்டியாகிவிட்டது. அதற்குள் புதுநன்மைக்கென்று மகளுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை.

மாதாஜி அவளைக் கிட்டக் கூப்பிட்டார். பிறகு தாள்களை மெல்லத் திருப்பி, முதல் பக்கத்தை விரித்தார். ஒரு வாசிப்பு முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்குவது அவர்கள் வழக்கமாம். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"இது உனக்காக," என்றார் மாதாஜி. "நீ பக்கத்தில் இருக்கும்போது நான் ஏன் நிறுத்தவேண்டும்?"

பெற்றிசியா மருமகளைப் பார்த்தாள்.

"தொடங்கிவிட்டாரே," என்றாள் மருமகள். "இதுவும் முடியட்டும்."

மாதாஜிக்குக் கண் முற்றாகத் தெரியாமல் போய், வாசிப்பு நின்ற பிறகுதான் பெற்றிசியா ஊர் வந்தாள். புதுநன்மை முடிந்து பதினாறு மாதம் போயிருந்தது. வெள்ளைச் சட்டை ஜெசிக்காவின் தோளுக்கு ஏறவில்லை. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சட்டையில் நன்மை எடுத்த படம் சுவரில் தொங்கியது.

"அந்தப் புத்தகத்தில என்ன எழுதியிருந்தது அம்மா?"

"தெரியாது பிள்ளை. நான் இலக்கத்தை மட்டும்தான் பாத்தனான்."

ஜெசிக்கா சட்டையை மடித்துத் தாயின் மடியில் வைத்தாள்.

"இதை வேற ஆருக்கும் குடுங்கோ."