மலாயாக்காரின்னு சொல்லுங்க, அத்தை

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அந்த வருடங்களில் சைக்கிள் மணி கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வந்தவர் தபால்காரராகவோ பால்காரராகவோ இருப்பார். ஆனால் முகம் தெரிகிற வரைக்கும் எனக்கு அவர் போலீஸ்காரர்தான்.

நான் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். என் கணவர் ஒரகடம் பக்கத்து ஆள், பிழைக்க அங்கே வந்தவர். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அங்கே வேலை பெர்மிட் குதிரைக்கொம்பாகிப்போன சமயத்தில் அவர் ஊர் திரும்பினார். நானும் கூடவே கப்பலேறினேன். கையில் மலேசிய பாஸ்போர்ட். அவருக்குச் சொந்த ஊர், எனக்கு வெளிநாடு. எல்லோரும் தமிழ் பேசுகிற வெளிநாடு. தங்குவதற்கான அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் பிறந்த பிறகு பயம் இரட்டிப்பானது. அவள் இந்தியக் குழந்தை. அனுப்பினால் என்னை மட்டும்தான் அனுப்புவார்கள்.

வந்த புதிதில் வாயைத் திறந்தாலே மாட்டிக்கொள்வேன். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் கேட்போம். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இன்னொரு நாள் பஸ்ஸைப் பார்த்து "காடி வருது" என்றேன். இங்கே காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீராம். என் மாமியார் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவர் வாயில் எனக்குப் பெயரே கிடையாது. "ஏ மலாயாக்காரி, அடுப்பப் பாரு." "மலாயாக்காரிக்கு இன்னா தெரியும், களி கிண்டத் தெரியுமா?"

கேலியை நான் பொறுத்துக்கொள்வேன். யாராவது என் பேச்சைக் கேட்டு எங்கேயாவது போய்ச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம். முறைப்படி பதிவு செய்துகொண்டவளுக்கு எதற்கு அந்தப் பயம் என்று இப்போது கேட்கலாம். பயம் காரணம் கேட்டுக்கொண்டா வருகிறது? அந்த ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். வீடு வூடானது, இருக்கிறேன் கீறேனானது. நாலு வருடத்தில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர்கூட என்னை உள்ளூர்க்காரி என்றே நினைத்தார். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐந்தாம் வருடம் ஒரு தபால் வந்தது. அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தேன் அல்லவா, அதற்காக ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தாராம். மேற்படி நபர் அந்த முகவரியில் இல்லை என்று வீட்டார் தெரிவித்தார்களாம். பாஸ்போர்ட்டோடும் வீட்டாரில் ஒருவரோடும் காவல் நிலையத்தில் ஆஜராகி விளக்கம் தராவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கெடு மறுநாளோடு முடிகிறது.

வீட்டார் என்றால் யார்? கணவர் அம்பத்தூரில் ஷிப்ட் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். பகலில் நான் ஏரிக்குத் துணி துவைக்கப் போனால் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்தான்.

"ஆமாண்டி, நான்தான் சொன்னேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கைல காயிதம் வெச்சிகினு வந்து நின்னான். அப்டி யாரும் இங்க இல்லன்ட்டேன்." அவ்வளவுதான், முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

என்னைத் தொலைத்துக்கட்ட வழி பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்று முழுக்கக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அவர் தூக்கக் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை.

மறுநாள் நான், மாமியார், குழந்தை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். இன்ஸ்பெக்டர் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படத்தில் இருந்தவள் கவுன் போட்டு, முடியைக் குட்டையாக வெட்டிய தோட்டத்துப் பெண்.

"இது நீயா?"

"நான்தான் சார். இங்கதான் கீறேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். "மலேசியாக்காரி கீறேன்னு பேசுறாளா? யாரோட பாஸ்போர்ட்டும்மா இது?"

என் பழைய பேச்சில் இரண்டு வார்த்தை பேசினால் போதும். பயத்தில் ஒன்றுகூட வரவில்லை. பிறந்து வளர்ந்த பேச்சு, எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மாமியார் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவ வெளிநாட்டுக்காரிதானே? ஆமான்னு சொல்லிக் கைநாட்டு வெச்சா வேலை முடிஞ்சுது."

மாமியார் என் கையிலிருந்து குழந்தையை வெடுக்கென்று வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இல்ல சாமி. எங்க அண்ணன் பொண்ணு. பொறந்ததே இங்கதான்."

"அத்தை!" என்றேன்.

"நீ சும்மா இருடி. ஆமான்னா இட்டுகினு போயிடுவாங்க. பச்சக் கொயந்தய வுட்டுட்டு எப்டி போவ?" குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த போலீஸ்காரரிடம் ஏன் இல்லை என்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை.

"அத்தை, இல்லன்னாதான் என்னை அனுப்பிடுவாங்க. மலாயாக்காரின்னு சொல்லுங்க. தினமும் சொல்லுவீங்களே!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "அது சும்மா வெளாட்டுக்குச் சொல்றது சாமி. மனசுல வெச்சிகினு சொன்னதில்ல. அவ எங்க வூட்டுப் பொண்ணு."

நான் அழுதுவிட்டேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு சிறுபிள்ளைக்குச் சொல்வது போல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஆமாம் என்றால் இருக்கலாம், இல்லை என்றால்தான் போக வேண்டும். மூன்று தரம் சொன்ன பிறகே மாமியார் கட்டைவிரலை நீட்டினார். அதற்கு முன்னால் என் காதருகே குனிந்து கேட்டார்: "நெசமாடி? ஏமாத்த மாட்டாங்களே?"

இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. அதன் பிறகு அவர் என்னை ஒரு நாளும் மலாயாக்காரி என்று கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. நான் எழுவதற்கு முன்னால் மாமியார் எழுந்துவிட்டார். குழந்தையை வாரி எடுத்து என் கையில் திணித்து, என்னைப் பின்வாசல் பக்கம் தள்ளிவிட்டு, தான் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வந்தவர் பால்காரர்.