மாவுக்கு ஒரு கோடு, சர்க்கரைக்கு ஒரு கோடு

டிசம்பர் வந்தால் ராயபுரத்தில் கடல் காற்றோடு ரொட்டிக்கடை அடுப்பின் விறகுப் புகையும் வரும். அந்தப் புகையில் வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும்... இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் ஓவன் கிடையாது. வீட்டில் கேக் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி ரொட்டிக்கடைக்குத் தூக்கிப் போவோம். ரொட்டி வெந்து முடிந்த சூட்டில் கேக் வேகும்.

எனக்குக் கல்யாணமான புதிது. ரயில்வே குவார்ட்டர்ஸில் டெய்சி அம்மா வீட்டுச் சமையற்கட்டில் வேலை. திடீரென்று அவர்கள் குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பினார்கள். என் வேலை போயிற்று. கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டு கேக் ஆர்டர் பிடித்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் மாவு ஒரு ராத்தல், சர்க்கரை ஒரு ராத்தல் என்று எல்லாம் தராசுக் கணக்கு. டெய்சி அம்மா வீட்டுத் தராசும் அவர்களோடு கப்பல் ஏறப் போகிறது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய பால்மாவு டின்தான்.

டெய்சி அம்மாவிடம் கேட்டேன். பெட்டி கட்டும் முன் அளந்துகொள்ளச் சொன்னார்கள். மாவை நிறுத்து டின்னில் கொட்டினேன். எதுவரை வந்ததோ அங்கே உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு. சர்க்கரையை நிறுத்துக் கொட்டி இன்னொரு கோடு.

டின்னைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தேகம்.

"இன்னா மே, ரெண்டும் ஒரு ராத்தல்னு சொல்ற. ஒரு கோடு ஒசரத்துல கீது, ஒண்ணு கீழ கீது?"

"மாவு லேசு. சர்க்கரை கனம். ஒரே ஒசரத்துல எப்படிய்யா நிக்கும்?"

"அப்போ நானு மாவு, நீ சர்க்கரைன்னு சொல்லு!"

அவர் நெட்டை, ஒல்லி. நான் குட்டை... சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

முதல் ஆர்டர் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவுடையது. புது மாப்பிள்ளை முதல் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். நான் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டிருந்தேன். "மாவ நான் அளக்கறேன் மே" என்று இவர் டின்னை எடுத்தார்.

கேக் அடுப்பிலிருந்து வெளியே வந்தது. ரொட்டிக்கடைக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கேக்கா? கடல் அரிப்புக்குக் கொட்ற கல்லா?"

வீட்டுக்கு வந்து அழுதேன். எப்படி அளந்தாய் என்று இவரைக் கேட்டேன். செய்தே காட்டினார். ஹார்பரில் தானியத்தைக் குத்திக் குத்தி மூட்டை பிடிக்கிறவர் ஆயிற்றே... கொஞ்சம் கொட்டுவது, டின்னைத் தரையில் ஒரு குத்து. மறுபடி கொட்டுவது, மறுபடி ஒரு குத்து. மூட்டை பிடிக்கிற மாதிரியே! கோடு என்னவோ சரியாகத்தான் இருந்தது. மாவுதான் அமுங்கி அமுங்கி ஒரு ராத்தலுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாவைச் சலித்து, கரண்டியால் பூப்போலத் தூவி அளந்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கேக் பஞ்சு மாதிரி வந்தது. மாப்பிள்ளை இன்னொரு துண்டு கேட்டாராம். அடுத்த வருஷம் தெருவே என்னிடம் ஆர்டர் கொடுத்தது.

கல்லாய்ப் போன கேக்கை இவர் ஒருத்தரே தின்று தீர்த்தார். "நல்லாத்தான் கீது மே. பல்லு மட்டும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும்."

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து அவர் போய்விட்டார்...

இப்போது மகள் நம்பர் காட்டுகிற தராசு வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு கிராம் கூடினாலும் காட்டிவிடும். கேக் ஒருமுறைகூடப் பிசகுவதில்லை.

நேற்று மாவு நிறுக்கும்போது பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. "நான் அளக்கறேன் மே" என்று இப்போது வந்து கேட்டால் அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுவேன். எத்தனை குத்து வேண்டுமானாலும் குத்தட்டும். கல்லாகவே போகட்டும்.