மாமனாரின் ஸ்பேர் லைன்

எனக்கு வாய் அடங்காது. கை அதைவிட அடங்காது. இல்லாவிட்டால் டாக்டருக்குக் காட்ட வேண்டிய படத்தை முதலில் மாமனாரிடம் கொண்டுபோய் நீட்டியிருப்பேனா?

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுப்பது பிழைப்பு. மேற்படிப்பில் நான் கற்றது வேறு வித்தை. ஸ்கேன் படங்களை வைத்து, உடம்புக்குள் ஓடும் ரத்தக்குழாயைக் கம்ப்யூட்டரில் உருவமாகக் கட்டி எழுப்புவது. ஸ்கேன் என்பது உடம்பை வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டுவது. ஒவ்வொரு வில்லையிலும் குழாய் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரியும். வட்டங்களை வரிசையாக அடுக்கினால் முழுக் குழாய் எழுந்து நிற்கும். இது ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஜாதகம் போட்டுத் தருவீர்களா என்றுதான் கேட்டார்கள்.

மாமனாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, வெடித்தால் ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்காது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மதுரை டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். மாமனார் மசியவில்லை. "என் குழாய நான் ஒருதடவ பாக்கணும். பாக்காம எவனையும் நட்டு கழட்ட விடமாட்டேன்" என்றார்.

வீடே என்னைப் பார்த்தது. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று, மாப்பிள்ளை படித்த படிப்பு இதுதானே என்று தன் மகளிடம் சொன்னார். எனக்குச் சொன்னதுதான் அது. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அவர் என் முன்னால் வந்து பேசியதில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாமனார் வீட்டுக்குப் போய் ஸ்கேன் ஃபிலிம்களை வாங்கி வந்தேன். பின்னால் வெள்ளைத்தாள் வைத்து ஒவ்வொன்றாக ஸ்கேனரில் ஏற்றினேன். வெளுப்பாக இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள் என்று புரோகிராமுக்கு உத்தரவு. எலும்பும் வெளுப்பு என்பதால் அதை மவுஸால் உட்கார்ந்து அழித்தேன். தோல், சதையெல்லாம் தள்ளியாயிற்று. மூன்று நாள் கழித்து உருவம் எழுந்தது. குழாயின் நடுவில் மாதுளம்பழம் அளவு வீக்கம். அதற்கு முன்னால், மேலிருந்து கீழ்வரை, வளைந்து நெளிந்து இன்னொரு குழாய்!

புத்தகங்களைப் புரட்டினேன். அப்படியொரு குழாய் மனுஷ ஜென்மத்துக்கே கிடையாது. புத்தியுள்ளவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். எனக்குப் புல்லரித்தது. எவனுக்கும் அகப்படாத குழாயை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான்! அதற்கு என்ன பேர் வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கெட்டது குடி.

"மாப்ள, இது ஸ்பேர் லைன்லா? மில்லுல ஒரு லைன் போச்சுன்னா அடுத்த லைனத் திறந்துவிடுவோம். ஆண்டவன் எனக்கும் ஒண்ணு போட்டு வச்சிருக்கான். பொறவு என்னத்துக்கு ஆபரேஷன்?"

அப்படியெல்லாம் இல்லை மாமா என்று நான் சொல்லச் சொல்ல, அவர் நான் கட்டிய படத்தையே எனக்கு எதிராகத் தட்டித் தட்டிக் காட்டினார். ஆபரேஷனுக்கு நாலு நாள்தான் இருந்தது. மதுரைக்கு வரவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். என் பவுசுக்கு ஒரு மனுஷன் சாகப்போகிறாரே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது மாமியார் கதவை விட்டுக் கூடத்துக்கு வந்தார். படத்தை வாங்கி, அந்த இரண்டாவது குழாயின் மேல் விரலை வைத்தார்.

"இது நான் வச்ச சந்தனம்" என்றார்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், அரிவாள்மணை, தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவர், ஃபிலிமையும் விடவில்லை. ஃபிலிமுக்கு ஒரு பொட்டு என்றாவது நிறுத்தினாரா? அதிலிருந்த ஒவ்வொரு குட்டிப் படத்துக்கும், நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில், தனித்தனியாக ஒன்று. நான் வட்டங்களை அடுக்கியபோது பொட்டுகளும் சேர்ந்து அடுக்கிக் குழாயாகிவிட்டன. மறுநாள் மாப்பிள்ளை கோபிப்பாரே என்று பயந்து முந்தானையால் துடைத்திருக்கிறார். குங்குமம் போய்விட்டது. சந்தனம் கொஞ்சம் தங்கிவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரியாதது, ஸ்கேனருக்கு வெளுப்பாகத் தெரிந்திருக்கிறது. தோலைத் தள்ளிவிட்ட மேதாவிக்கு, அந்தக் குழாய் வயிற்றுக்கு வெளியே காற்றில் ஓடுவதும் தெரியவில்லை.

மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு லைன்தான் இருக்கு" என்றார். "எனக்கும் ஒரு ஆள்தான் இருக்கு."

மாமனார் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, துணிமணி எடுத்து வைக்கச் சொன்னார்.

பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆயுத பூஜையன்று சட்டையில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமியார் ஸ்பேனருக்கு வைத்தார், அரிவாள்மணைக்கு வைத்தார், தையல் மெஷினுக்கு வைத்தார். அதே கிண்ணத்தோடு நேரே வந்து, அவர் வயிற்றுத் தழும்பின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். என் முன்னாலேயே.

மாமனார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "மாப்ள," என்றார், "இதையும் ஒரு குழாய்னு படம் போட்டுராதீங்க."